சீட்டாட்டமும் சிந்தை அடக்கமும்

“ஐயா, என் மகன் கோபத்தை அடக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறான். ஆனால் எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டுப் பறக்கிறது. இது என்ன அடக்கம் என்று நீங்கள்தான் அவனைக் கேட்டுச் சொல்ல வேண்டும்.”

2025ஆம் ஆண்டுத் தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றிருந்த நம்மிடம் பம்மலைச் சேர்ந்த ஒரு தாய் இவ்வாறு கூறினார். அவருடைய கணவர் நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். மகன் பட்டயப் படிப்பு முடித்துக் கிண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவன். குடிப்பழக்கம் இல்லை, புகை இல்லை, ஞாயிறு பூசை தவறுவதில்லை. அவனுக்கு இருந்த ஒரே பழக்கம், இரவில் கைப்பேசியில் போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடுவது. அந்த ஆட்டம் தனக்கு மன அடக்கத்தைக் கற்றுத்தருகிறது என்று அவன் மெய்யாகவே நம்பியிருந்தான்.

அடுத்த வாரம் நாம் பல்லாவரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ ஒன்றில் ஆறு பேரோடு ஏழாவது ஆளாக நெருக்கி அமர்ந்து பம்மல் சென்றோம். தோல் தொழிலாளரும், கல் உடைத்தவரும், சென்னை அலுவலகங்களுக்குச் சென்று வருவோரும் சேர்ந்து வளர்த்த ஊர் அது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த பின்னும், பழைய தெருக்களில் ஊரின் முகம் மாறவில்லை. தமிழ் நாடக மேடைக்குப் புத்துயிர் ஊட்டிய சம்பந்த முதலியார் தம் பெயருக்கு முன்னே தாங்கி நின்ற ஊரும் இதுவே. அது ஏன் இங்கே நினைவுக்கு வருகிறது என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

இளைஞன் நம்மை மரியாதையோடு வரவேற்றான். நாம் கண்டிக்க வந்திருக்கிறோம் என்று எண்ணியிருப்பான் போலும். முதலில் தற்காப்பாகவே பேசினான். “ஐயா, இது மங்காத்தா அன்று. உள்ளே வெளியே என்று கண்ணை மூடிக்கொண்டு பணம் வைக்கும் ஆட்டம் அன்று. இதில் அறிவு வேண்டும், பொறுமை வேண்டும்” என்றான். பிறகு அலமாரியிலிருந்து இருநூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினான். அதைக் கண்டு நாம் வியந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் இரவும் எத்தனை மணிக்கு அமர்ந்தான், எப்போது எழுந்தான், வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பனவெல்லாம் கட்டம் போட்டு எழுதப்பட்டிருந்தன. கடைசிக் கட்டத்தில், பத்துக்கு இத்தனை என்று தன் மனநிலைக்கு அவனே மதிப்பெண் இட்டிருந்தான். “சினம் 3, அச்சம் 2, களைப்பு 6” என்பது போல. நம்மில் எத்தனை பேர் இரவில் ஆன்ம சோதனை செய்யும்போது இவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறோம்?

ஆட்டத்தின் இயல்பு

போக்கர் அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் மேசை நடுவே ஐந்து சீட்டுகள் யாவரும் காணத் திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தால் எவர் கை பெரிதோ அவர் வெல்வார். சீட்டுகள் திறக்கப்படும் ஒவ்வொரு கட்டத்திலும் பணத்தைக் கூட்டிப் பந்தயம் கட்டலாம். அல்லது இதுவரை வைத்ததை இழந்து சீட்டைக் கீழே போட்டு விலகலாம். வெறுங்கையை வைத்துக்கொண்டு பெருங்கை இருப்பதுபோல் பந்தயத்தை ஏற்றி, எதிரியை அஞ்சி ஓடச் செய்வதும் உண்டு. ஆகவே அங்கே கண்ணும் புருவமும் உதடும் ஒன்றையும் வெளிக்காட்டக் கூடாது. கல்லாகிய முகத்தைப் ‘போக்கர் முகம்’ என்று மேனாட்டார் கூறுவது இதனாற்றான்.

கையில் வரக்கூடிய இரண்டு சீட்டுகளில் மிகச் சிறந்தது இரண்டு ஆசு. அது 221 தடவைக்கு ஒரு தடவையே வரும். அப்படி வந்தும், எதிரியிடம் இரண்டு ராஜா இருந்தால், ஐந்து தடவையில் ஏறத்தாழ நான்கு தடவைதான் ஆசு வெல்லும். ஐந்தாம் தடவை தோற்கும். அதாவது, ஒரு தவறும் செய்யாதவன் தோற்பான். தவறாக ஆடியவன் வெல்வான். மனித உள்ளம் தாங்கமுடியாத இடம் இதுவே. உழைத்தவனுக்கு விளைச்சல் வேண்டும் என்று நெஞ்சு கேட்கிறது; சீட்டுக்கட்டோ நெஞ்சின் வழக்கைக் கேட்பதில்லை.

இவ்வாறு அநியாயமாகத் தோற்ற ஆட்டக்காரன் நிலைகுலைந்து ஆடத் தொடங்குவதை அவர்கள் மொழியில் ‘டில்ட்’ என்பார்கள். சாய்ந்துவிட்டான் என்று பொருள். பழைய நாணய விளையாட்டு இயந்திரங்களைக் கோபத்தில் உலுக்கினால் அவ்வெழுத்துகள் ஒளிர்ந்து ஆட்டம் நின்றுவிடும். அங்கிருந்து வந்த சொல் அது. இயந்திரம் தானே நின்றுவிடுகிறது. மனிதன்தான் நிற்பதில்லை.

அவன் ஏன் நிற்பதில்லை என்பதை உளநூலார் ஆராய்ந்திருக்கிறார்கள். தானியேல் கானமன், ஆமோஸ் துவெர்ஸ்கி என்னும் இரு அறிஞர்கள் 1979இல் வெளியிட்ட கட்டுரை, நூறு ரூபாய் கிடைத்த இன்பத்தைவிட நூறு ரூபாய் இழந்த துன்பம் மிகப் பெரிது என்பதைக் காட்டிற்று. பின்னர் அதை ஏறத்தாழ இரு மடங்கு என்று கணித்தார்கள். அத்துன்பத்தைத் துடைக்கும் அவசரத்தில், அமைதியாக இருக்கும்போது துணியாத துணிச்சலுக்கெல்லாம் மனிதன் துணிகிறான். விட்டதைப் பிடிப்பேன் என்பது பேராசையின் குரல் என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது வலியின் குரல். வீட்டிலுள்ளோர் இதை உணர்ந்தால், ஏசுவதற்கு முன் ஒரு கணம் தயங்குவார்கள்.

இன்னொரு மயக்கமும் உண்டு. இத்தனை முறை தோற்றோமே, இனி வெற்றி வந்தே தீரும் என்பது அது. 1913 ஆகஸ்டு 18 அன்று மாண்டிகார்லோ சூதாட்ட மாளிகையில் சுழல்சக்கரத்தின் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. இனிச் சிவப்புத்தான் என்று ஒவ்வொரு சுற்றிலும் பணத்தைக் கொட்டியோர் ஏராளம். பந்துக்கு முந்திய சுற்றின் நினைவில்லை என்பதை அவர்கள் மறந்தார்கள். நம் ஊரில் பெண் குழந்தைகள் நால்வர் பிறந்த வீட்டில், ஐந்தாவது ஆண்தான் என்று அடித்துச் சொல்லும் பாட்டிமாரும் இம்மயக்கத்தினரே!

ஆட்டக்காரர் கற்ற பாடம்

நிற்க. நல்ல போக்கர் ஆட்டக்காரர்கள் தம் உணர்வுகளை ஆளக் கற்கிறார்கள் என்பது பொய்யன்று. மரியா கொன்னிக்கோவா என்னும் அமெரிக்க எழுத்தாளர் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். குழந்தைகளுக்கு முன்னே இனிப்பை வைத்து அவர்களுடைய பொறுமையைச் சோதித்த வால்டர் மிஷெல் அவருடைய ஆசிரியர். போக்கரில் ஒன்றுமே அறியாத நிலையிலிருந்து, தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரிடம் மாணவியாகி, 2018இல் ஒரு போட்டியில் வெற்றி பெற்று, 2020இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். அவரைப் போன்றோர் கூறும் அறிவுரைகள் எளியவை. பசி, களைப்பு, கோபம் உள்ளபோது மேசையில் அமராதே. இத்தனை ரூபாய் இழந்தால் எழுந்துவிடுவேன் என்று முன்னரே வரம்பு கட்டு. முடிவு நல்லதா தீயதா என்று பாராமல், நீ செய்த தீர்மானம் சரியா என்று பார். கையில் வரும் சீட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கீழே போடக் கற்றுக்கொள்.

இவற்றைப் படிக்கும்போது நமக்கு லொயோலா இஞ்ஞாசியார் நினைவு வந்தது. மனம் வறண்டு இருண்டிருக்கும் வேளையில், முன்பு தெளிந்த மனத்தோடு செய்த தீர்மானத்தை மாற்றக்கூடாது என்பது அவருடைய ஆன்மீகப் பயிற்சிகளில் காணப்படும் புகழ்பெற்ற விதி. போர்வீரராயிருந்து, காலில் குண்டடிபட்டு, படுக்கையில் தம் உள்ளத்தில் எழும் அலைகளைக் கவனித்துக் கற்றவர் அவர். கலங்கிய நேரத்தில் திசை மாற்றாதே என்று அவர் தேடுவோர்க்குச் சொன்னதையே, சாய்ந்த நேரத்தில் பந்தயம் ஏற்றாதே என்று சீட்டு மேசை ஆசிரியர்கள் சொல்கிறார்கள். விதி ஒன்றே.

ஆயின் குறை எங்கே? பம்மல் இளைஞனின் நோட்டுப் புத்தகமே விடை தந்தது. முதல் ஐந்து மாதங்கள் ஒரு நாளும் விடாமல் எழுதப்பட்டிருந்தன. பிறகு மூன்று வாரங்கள் வெற்றுத் தாள்கள். அதன்பின் மீண்டும் சில வரிகள். “இந்த மூன்று வாரம் ஆடவில்லையா, தம்பி?” என்று கேட்டோம். அவன் வெகு நேரம் பேசவில்லை. அடுப்படியில் தாய் பாத்திரம் துலக்கும் ஒலியும் நின்றுவிட்டது. “அந்த மூன்று வாரத்தில்தான் ஐயா எல்லாம் போயிற்று. எழுத மனம் வரவில்லை” என்றான்.

எல்லாம் என்றால், 1,40,000 ரூபாய். தங்கையின் திருமணத்திற்கென்று தாய் மாதாமாதம் கட்டி எடுத்த ஏலச்சீட்டுப் பணம் அது. தமிழில் சீட்டு என்னும் ஒரு சொல் எத்தனை வேலை செய்கிறது பாருங்கள்! சிறுகச் சிறுகச் சேமிப்பதும் சீட்டு. ஒரே இரவில் அழிப்பதும் சீட்டு. யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்கத் திருத்தூதர்கள் போட்டதும் சீட்டு. நம் ஆண்டவருடைய அங்கிக்காகச் சிலுவையடியில் படைவீரர்கள் போட்டதும் சீட்டே.

தன் சினத்தைத் தினமும் அளந்தவன், அளவுகோல் மிகத் தேவைப்பட்ட நாட்களில் அதைத் தொடவில்லை. இது அவனுடைய தனிக்குற்றம் என்று நாம் எண்ணவில்லை. புயலடிக்கும்போது மழைமானியைப் பார்க்கப் போவோர் யார்? சீட்டு மேசை கற்பிக்கும் அடக்கம் மேசை அமைதியாயிருக்கும் வரைதான் வேலை செய்கிறது. மேலும், மேசையில் விழுங்கிய சினம் எங்கேனும் வெளிவந்தாக வேண்டும். திரைக்கு முன்னே கல்லாயிருந்தவன், ‘சாப்பிட வா’ என்று அழைத்த தாயின் முன்னே தட்டை எறிந்தான்.

கணக்கு என்ன சொல்கிறது?

மன அடக்கம் முற்றும் கைவந்த ஒருவனே ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் அமர்கிறார்கள். மேசை நடத்துபவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் சேரும் பணத்தில் நூற்றுக்கு 5 எடுத்துக்கொள்கிறார் எனக் கொள்வோம். ஓர் ஆட்டத்திற்குச் சராசரி 200 ரூபாய் சேர்ந்தால் அவருக்கு 10 ரூபாய். நூறு ஆட்டங்களில் 1,000 ரூபாய். அறுவரிடமும் இருந்த 6,000 இப்போது 5,000 ஆகிவிட்டது. எவர் வென்றார், எவர் தோற்றார் என்பது வேறு. ஒருவருடைய முழுப் பையும் மேசையை விட்டே போய்விட்டது. கைப்பேசியில் ஆட்டம் விரைவாக நடக்கும். மணிக்கு அறுபது என்றாலும், பத்து மணி நேரத்தில் 600 ஆட்டம். கணக்குப்படி, அறுவர் பணத்தின் அளவு முழுவதும் மேசைக்காரர் பைக்குச் சேர்ந்திருக்கும். இதில் வெல்ல வேண்டுமானால், மற்ற ஐவரையும்விடச் சிறந்திருந்தால் மட்டும் போதாது. அவர் எடுக்கும் பங்கையும் ஈடுசெய்யுமளவு சிறந்திருக்க வேண்டும். அத்தகையோர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் உண்பது யாருடைய பணத்தை? நம் இளைஞனைப் போல நோட்டுப் புத்தகத்தோடு வரும் புதியவர்களுடையதை.

இந்தக் கணக்குக் கலை பிறந்ததும் சூதாட்டக் கேள்வியிலிருந்துதான். பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்று ஓர் ஆட்டக்காரப் பிரபு கேட்க, 1654இல் பிலேஸ் பாஸ்கலும் பெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களே நிகழ்தகவுக் கணிதத்தின் தொடக்கம். அதே ஆண்டு நவம்பர் 23 இரவு பாஸ்கல் ஆழ்ந்த இறையனுபவம் ஒன்றைப் பெற்று, அதை ஒரு தாளில் எழுதித் தம் உடையின் உட்புறம் தைத்து இறக்கும் வரை அணிந்திருந்தார். அவர் பிறந்த நானூறாம் ஆண்டையொட்டி 2023 சூன் 19 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு திருத்தூது மடலே எழுதினார்.

திறமையா, அதிர்ஷ்டமா?

“நீதிமன்றமே இது திறமை ஆட்டம் என்று சொல்லியிருக்கிறதே, ஐயா?” என்று இளைஞன் கேட்டான். உண்மைதான். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967இல் கூறியது; மூன்று சீட்டு அவ்வாறன்று என்றும் அதே தீர்ப்புப் பிரித்துக் காட்டியது. போக்கரைப் பொறுத்தவரை, 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் அதைச் சூது என்றது. தமிழ்நாட்டில் 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியான சட்டத்தை 2021 ஆகஸ்டு 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. உயிரிழப்புகள் தொடரவே, 2022 சூனில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. அக்குழுவின் அறிக்கைக்குப் பின் இயற்றப்பட்ட சட்டம், ஆளுநரிடமிருந்து ஒருமுறை திரும்பி வந்து, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றும், ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் எனத் தடைப்பட்டியலிலிருந்து விலக்கியது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாதென மாநில ஆணையம் விதி செய்தது. நம் இளைஞனோ, பன்னிரண்டடித்தால் கதவடைக்கும் ஆட்டத்தை விட்டுக் கதவே இல்லாத அயல்நாட்டுத் தளமொன்றுக்கு மாறியிருந்தான்!

எங்கள் கருத்தில், திறமையா அதிர்ஷ்டமா என்னும் வழக்கு குடும்பத்தின் வழக்கன்று. வாள்வீச்சும் திறமைதான். அதற்காக அடுப்படியில் வாள் வீசலாமா? திருச்சபையின் மறைக்கல்வி நூல் இவ்விடத்தில் மிகுந்த நிதானத்தோடு பேசுகிறது. பந்தயமும் சீட்டாட்டமும் தம்மளவில் நீதிக்கு முரணானவை என்று அது கூறவில்லை. தனக்கோ பிறர்க்கோ வாழ்க்கைக்குத் தேவையானதை அவை பறிக்கும்போது தீமையாகின்றன என்றும், அந்த ஆர்வம் மனிதனை அடிமையாக்க வல்லது என்றும் கூறுகிறது. தங்கையின் திருமணப் பணம் தேவையானதா இல்லையா என்பதற்கு நீதிமன்றம் வேண்டியதில்லை.

விளையாட்டே கூடாது என்போரும் நம்மில் உண்டு. அவர்களோடு நாம் உடன்படவில்லை. மனத்தின் களைப்பு நீங்க விளையாட்டு வேண்டும் என்றும், அதை அளவோடு கொள்வது ஒரு நற்பண்பு என்றும் தாமஸ் அக்குவினாரே எழுதியிருக்கிறார். கிறிஸ்துமஸ் இரவில் குடும்பத்தோர் வட்டமாக அமர்ந்து புளியங்கொட்டை வைத்துச் சீட்டாடுவதில் குற்றம் காண்பவர், பாட்டி கள்ளாட்டம் ஆடும் அழகைக் காணாதவர்.

நம் முன்னோர் இவ்வாபத்தை அறியாதவர்களல்லர். திருக்குறளின் பொருட்பாலில் சூதுக்கென்று ஓர் அதிகாரமே உண்டு. சூதில் கிடைக்கும் வெற்றியையே வள்ளுவர் மீன் விழுங்கும் தூண்டிலுக்கு ஒப்பிடுகிறார். தோல்வியை அன்று, வெற்றியை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் இளைஞன் முதல் மாதத்தில் 11,000 ரூபாய் வென்றிருந்தான். வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தபோது இவ்வதிகாரமும் ஐரோப்பிய மொழிக்குச் சென்றது. அங்கேயும் அதன் தேவை குறைவாக இருக்கவில்லை.

இரு புனிதர்கள்

பிரான்சு அரசர் புனித ஒன்பதாம் லூயிஸ், சிலுவைப் போரில் தோற்றுச் சிறைமீண்டு, 1250இல் கப்பலில் ஆக்கர் நகருக்குச் சென்றுகொண்டிருந்தார். நோயால் நிற்கவும் வலுவற்ற நிலை. உடன்பிறந்த ஆஞ்சூ கோமகன் தம்மிடம் வந்து அமராமல் பகடை ஆடிக்கொண்டிருப்பதாக அறிந்தார். தள்ளாடிச் சென்று, பகடைகளையும் பலகையையும் எடுத்துக் கடலில் வீசினார். உடனிருந்த ஜொவான்வில் இதை எழுதிவைத்திருக்கிறார். கூடவே ஒன்றும் சேர்க்கிறார்: அரசர் பலகையை வீசும் வேளையில், எதிரே ஆடிய பிரபு மேசைமேலிருந்த பணத்தையெல்லாம் தம் மடியில் தள்ளிக்கொண்டாராம்! புனிதரின் சினத்திலும் ஆதாயம் கண்ட அப்பிரபு இன்றைய மேசை நடத்துவோர்க்கு முன்னோடி போலும்.

மற்றவர் புனித கமில்லஸ். 1550இல் இத்தாலியில் பிறந்தவர். தந்தை போர்வீரர், சூதாடி. மகனும் போர்வீரர், தந்தையை விஞ்சிய சூதாடி. காலில் ஆறாப் புண்ணோடு உரோமையின் மருத்துவமனை ஒன்றில் பணிசெய்தபோது, சீட்டாட்ட வெறியாலும் சண்டைக் குணத்தாலும் வெளியேற்றப்பட்டார். 1574இல் நேப்பிள்சு நகரத் தெருக்களில் வாள், துப்பாக்கி, மேலங்கி ஆகியவற்றை இழந்து, இறுதியில் உடுத்திய சட்டையையும் பந்தயத்தில் தோற்றார். இடையில் துறவு பூணுவேன் என்று நேர்ந்துகொண்டார், அதையும் காக்கவில்லை. மன்ஃபிரதோனியாவில் பிச்சை எடுத்து நின்றவருக்குக் கப்புச்சின் துறவியர் கட்டட வேலை கொடுத்தார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்த அந்நாட்களில், 1575 பிப்ரவரி 2 அன்று, அவர் மனம் உடைந்து இறைவனிடம் திரும்பினார். பின்னர் நோயாளருக்கென ஒரு துறவற சபையை நிறுவி, 1614இல் இறந்து, 1746இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவருடைய சபையார் அங்கியில் அணிந்த சிவப்புச் சிலுவையைப் போர்க்களத்துக் காயமுற்றோர் அறிந்திருந்தனர்.

கமில்லஸின் கதையில் நாம் கண்ட பெரிய செய்தி இதுதான்: அவர் தம் சூதாட்ட வேகத்தைக் குளிரச் செய்து அடக்கினாரில்லை. அதே வேகத்தோடு கொள்ளை நோய்ப்பட்டவரின் படுக்கையருகே ஓடினார். உணர்வுகள் தம்மளவில் நன்மையுமல்ல, தீமையுமல்ல என்பது திருச்சபையின் பழைய போதனை. இலாசரின் கல்லறையருகே நம் ஆண்டவர் கண்ணீர்விட்டார். கோயிலில் சினங்கொண்டு மேசைகளைக் கவிழ்த்தார். அவர் தம் முகத்தை ஒருபோதும் மறைத்ததில்லை.

சம்பந்த முதலியாரை முன்னே நினைத்தது இதற்காகவே. நாடக நடிகர் மேடையில் முகத்தை மாற்றுகிறார். திரை விழுந்ததும் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு வீடு திரும்புகிறார். சீட்டு மேசையில் முகமூடி போட்டவனுக்குத் திரை விழுவதில்லை. அவன் கடனை மறைக்கிறான், கைப்பேசியை மறைக்கிறான், வட்டிக்குக் கொடுக்கும் செயலிகளின் மிரட்டல் அழைப்பு வரும்போது, அலுவலக அழைப்பு என்று புன்னகையோடு எழுந்து மாடிக்குச் செல்கிறான். 2022ஆம் ஆண்டு பிறந்த முதல் நாட்களில், இணைய ஆட்டத்தில் கடன்பட்ட ஒருவரால் தென்சென்னையில் ஒரு குடும்பமே அழிந்த செய்தியை நாம் மறக்கவில்லை. அண்டை வீட்டார்க்கு முன்தினம் வரை ஒன்றும் தெரியவில்லை என்பதே இத்தகைய வீடுகளில் பெரும்பாலும் கேட்கும் சொல்.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒன்றைச் சொல்ல வாயெடுக்கும் அந்த முதல் நிமிடத்தில் கூச்சலிடாதீர்கள். கடனை நீங்களே இரகசியமாக அடைத்து மூடிவிடவும் வேண்டாம். அது அடுத்த பந்தயத்திற்கு முதலாகிவிடும். பணம் எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதி என்று தாளில் எழுதச் செய்யுங்கள். சூதாட்ட வெறியை உலக சுகாதார நிறுவனம் நோய்ப்பட்டியலில் சேர்த்திருக்கிறது. மருத்துவரிடம் செல்வதில் இழிவில்லை. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி-மானஸ் உதவிக்கு 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவிடம் பேசுவது வேறு, மருத்துவரிடம் பேசுவது வேறு. ஒன்று மற்றதற்கு மாற்றன்று.

2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நடுவண் அரசுச் சட்டம், திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்னும் வேறுபாட்டையே விட்டுவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு, ஆடுவோர்க்குத் தண்டனையில்லை. அவர்கள் இரையானவர்களே என்று சட்டம் கொண்டது. பெரிய நிறுவனங்கள் ஓரிரு நாட்களில் கடையைக் கட்டின. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்ததும் நாம் அறிந்ததே. அயல்நாட்டுத் தளங்களின் கள்ள வாசல்களைப் பற்றி மேலே சொன்னோம்.

பம்மல் வீட்டிற்கு அண்மையில் மீண்டும் சென்றோம். தங்கையின் திருமணம் ஓராண்டு தள்ளிப்போயிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்க இசைந்திருக்கிறார்கள். தந்தை இன்னும் மகனோடு சரியாகப் பேசுவதில்லை. இளைஞன் அதே நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து, இம்முறை பின்பக்கத்திலிருந்து திறந்து காட்டினான். மாதம் 8,000 ரூபாய் வீதம் தாயிடம் திருப்பிக் கொடுத்த கணக்கு. ஒவ்வொரு வரியின் எதிரிலும் தாயின் கையெழுத்து. மனநிலைக் கட்டத்தை மட்டும் அவன் நீக்கவில்லை. கடைசி வரியில் இப்படி எழுதியிருந்தது:

“சினம் 7. அம்மாவிடம் சொன்னேன்.”